அளவறிந்து வளரும் இழை

நேயர்களே, குளத்து நீரிலும் ஈரமண்ணிலும் வாழும் கிளாமிடோமோனாஸ் என்னும் பசும்பாசி ஒற்றை உயிரணுவால் ஆனது. நீந்துவதற்கென அதற்கு இரண்டு கசையிழைகள் உண்டு. இரண்டும் ஒரே நீளமுடையவை. ஏறத்தாழ 12 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூளையும் அளவுகோலும் இல்லாத இவ்வுயிர், தன் இழை போதிய அளவு வளர்ந்துவிட்டதென எவ்வாறு அறிகின்றது? இவ்வினாவின் வரலாறே இன்றைய பேச்சு.

1969ஆம் ஆண்டில் ஜோயல் ரோசன்பாமும் அவருடைய தோழர்களும் ஓரிழையை மட்டும் இழந்த பாசிகளை நுண்ணோக்கியில் கண்டனர். இழந்த இழை மீண்டும் முளைத்தது. அப்பொழுது ஊறுபடாத மற்றோர் இழை தானே குறுகிற்று! இரண்டும் சமமானபின், ஒருங்கே வளர்ந்து பழைய அளவை எய்தின. உயிரணு தன் இழைகளின் நீளத்தை ஆள்கின்றது என்பது தெளிவாயிற்று.

ஆள்வது எது? அளவு மீறி நீண்ட இழைகளையுடைய, பிறவி மாற்றமுற்ற பாசிகள் விடை காண உதவின. 1988இல் பார்சல், வெக்ஸ்லர், லெஃபெவ்ர் ஆகியோர் அத்தகைய பாசிகளை ஆராய்ந்தனர். நீண்ட இழைப் பாசி ஒன்று இயல்பான பாசியோடு கலந்து ஓருடலானபோது, நீண்ட இழைகள் விரைவில் இயல்பான அளவுக்குக் குறுகின. ஆகவே, மாற்றமுற்ற பாசியிடம் இல்லாத கட்டுப்பாடு ஒன்றை இயல்பான பாசி வழங்கியது எனலாம். 2003இல், எல்.எஃப். 4 என்னும் மரபணு ஒருவகை நொதியை ஆக்குவது என்றும், அந்நொதி இல்லையேல் இழை மிக நீளும் என்றும் அறியப்பட்டது.

இதனிடையே, 2001இல் மார்ஷலும் ரோசன்பாமும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். வளர்ந்து முடிந்த இழையும் ஓய்ந்திருப்பதில்லை. அதன் நுனி இடையறாது கரைகின்றது, இடையறாது கட்டப்படுகின்றது. வரவும் செலவும் ஒத்த இடமே அதன் நீளம்.

பாசியின் இழையை அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். நம் சிறுநீரக உயிரணுக்களிலும் இத்தகைய நுண்ணிழைகள் உண்டு. 2000ஆம் ஆண்டில் பாசூர் முதலியோர், பாசி தன் இழையை ஆக்கத் தேவையான ஒரு மரபணுவை ஆராய்ந்தனர். அதற்கு இணையான மரபணு பழுதுற்ற எலிகளின் சிறுநீரகத்தில் நுண்ணிழைகள் குறுகிக் கிடந்தன. அவ்வெலிகளின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் மலிந்திருந்தன. மனிதரை வருத்தும் நீர்க்கட்டி நோயை ஆராய்வோருக்கு அது புது வழி காட்டிற்று.

மாணவ நண்பர்களே, அறிய வேண்டும் என்னும் அவாவினால் மட்டும் எழுந்த வினா, மருத்துவரின் வாயில்வரை வந்து நின்றது. சிறிய உயிரிடம் கேட்கும் வினா சிறிய வினா அன்று.