தொழில்

'தொழில்' என்றதும் இன்று சம்பளம் தரும் வேலைதான் நினைவுக்கு வருகிறது. இலக்கணமோ பழைய பொருளைக் காத்து வைத்திருக்கிறது. உண்ணல், நடத்தல், உடுத்தல் எல்லாமே தொழிற்பெயர்கள்; செயல் எதுவும் தொழிலே. சிவனின் ஐந்தொழிலும் இந்தப் பொருளில்தான்.

ஆங்கில 'ஆக்குபேஷன்' லத்தீன் மொழியின் 'ஆக்குபாரே'யிலிருந்து வந்தது. கைப்பற்றுதல் என்று பொருள். நம் நேரத்தையும் மனத்தையும் பற்றிக்கொள்ளும் செயல். காசநோயோடு போராடி, உடலின் இடப்பக்கமும் செயலிழந்து, தோட்ட வேலையாலும் தச்சு வேலையாலும் தேறியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன். அச்சொல்லோடு 'தெரபி'யைச் சேர்த்து 'ஆக்குபேஷனல் தெரபி' என்ற பெயரைத் தந்தவர் அவரே. 1917 மார்ச்சில், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில், 'ஆறுதல் இல்லம்' என்று அவர் பெயரிட்ட வீட்டில் இத்துறைக்கான அமெரிக்கச் சங்கம் பிறந்தது.

தமிழில் இத்துறை 'தொழில்வழி மருத்துவம்'. வேலைக்குத் தயார்செய்யும் பயிற்சி என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அன்றாடச் செயல்களும் இதில் அடங்கும். பக்கவாதத்தில் வலக்கை முடங்கிய ஒருவர் சட்டையை மடியில் விரிக்கிறார். முடங்கிய கையை முதலில் நுழைக்கிறார். இடக்கை விரல்களால் பித்தானைத் துளைக்குள் தள்ளுகிறார். கடைசிப் பித்தானும் மாட்டியதும் நிமிர்ந்து உட்கார்கிறார். யாரையும் எதிர்பாராமல் காலையைத் தொடங்கும் தெம்பு அவருக்குத் திரும்பிவிட்டது. உடுத்தலும் தொழில் என்று இலக்கணம் சொன்னது எத்தனை உண்மை!