சுண்ணாம்புத் தண்ணீரில் ஓடிய லேண்ட் ரோவர்கள்

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. ஏழு வாரத்துக்குள், ஜூன் 16 அன்று, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. 1960-இல் அது முடிவதற்குள் ராணுவம், போலீஸ், தோட்டம் என எல்லா இடத்திலும் லேண்ட் ரோவர் ஓடிக்கொண்டிருந்தது.

அவசரகாலம் பற்றிய புத்தகங்களில் இந்த வண்டி அடிக்கடி வரும். யார் உட்கார்ந்து போனார்கள் என்று எழுதியிருக்கும். யார் ஓட்டினார்கள், வழியில் கொதித்து நின்றபோது யார் பானெட்டைத் திறந்தார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. பேராக் தோட்டங்களில் அந்த ஆள் பல நேரம் தமிழர்தான். அவர்களைப் பற்றி எழுத ஆவணம் குறைவு என்பார்கள். பழைய எஞ்சினும் ஓர் ஆவணம்தான் என்பது என் கட்சி.

முதல் லேண்ட் ரோவரின் எஞ்சின் 1,595 சி.சி., 50 குதிரைத்திறன். இங்கிலாந்தின் குளிரில் வடிவமைத்தது. அதை நம் வெயிலில், செம்மண் பாதையில், லோ கியரில் ஓட்டினார்கள். பதுங்கித் தாக்குதலுக்குப் பயந்து தோட்டத்து வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்ததும் உண்டு. தகடு ஏறினால் எடை கூடும். முன்பக்கத்தை மறைத்தால் ரேடியேட்டருக்குப் போகும் காற்று குறையும். குண்டுக்குத் தப்பிக்கச் செய்த காரியம் எஞ்சினை வேக வைக்கும். அந்தக் காலத்தில் வண்டி வழியில் நிற்பது வெறும் தொல்லையல்ல. 1951 அக்டோபர் 6 அன்று ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். அன்று அவரது அணியில் இருந்த போலீஸ் வயர்லெஸ் வண்டி பாதியிலேயே பழுதாகி நின்றிருந்தது.

குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பட்டறை இருக்கிறது. அங்கே இருக்கும் போமன் அறுபது வயதைத் தாண்டியவர், தோட்டத்துப் பட்டறையில் தொழில் பழகியவர். கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்கள் சிம்பாங் பூலாய் சாலை வழியாக இறங்கி இவரிடம் வரும். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்தவன். சனிக்கிழமைகளில் அங்கே போய் நிற்பேன். வண்டி சூடாகுது என்று யாராவது சொன்னால் அவர் ஸ்பேனரை எடுப்பதில்லை. கேள்விதான் கேட்பார்.

"எப்போ கொதிக்குது? நின்னா கொதிக்குதா, ஏத்தத்துல கொதிக்குதா?"

இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். நிற்கும்போது சூடேறி, ஓடினால் இறங்கினால் காற்றில் கோளாறு: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், ரேடியேட்டர் இடுக்கில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கும். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில், எஞ்சின் சூடாவதற்கு முன்பே ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். எஞ்சின் ஆயில் தே தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தால் இன்னும் உறுதி. மேல் ஹோஸ் ரொம்ப நேரம் குளிர்ந்தே இருந்து ஊசி மட்டும் ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை.

ரேடியேட்டர் மூடியையும் விடமாட்டார். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி நல்லபடி இருந்தால் தண்ணீர் ஏறக்குறைய 115 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்துப்போன மூடியோடு தானா ராத்தாவுக்கு ஏறினால், அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இருபது ரிங்கிட்டில் தீர வேண்டியதற்கு எஞ்சினையே இறக்கியவர்கள் உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏத்தத்தில் பாரத்தோடு போகும்போது மட்டும் கொதித்தால், "தம்பி, இது எந்த ஊருத் தண்ணி குடிச்ச வண்டி?" என்று கேட்பார்.

கிந்தா பள்ளத்தாக்கின் அடித்தரையே சுண்ணாம்புப் பாறை. ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகள் அதன் மிச்சம். குனோங் ராபாட்டின் குகைக் கோயில்களுக்குள் போனால் மேலிருந்து தொங்கும் கல்விழுதுகளைப் பார்க்கலாம். கரியமில வாயு கலந்த மழைத்தண்ணீர் பாறையைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. குகைக்குள் வந்ததும் அந்த வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. குகையில் இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். எஞ்சினுக்குள் சூடு இருப்பதால் சில வருடம் போதும். அதுவும் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் அதிகம் படியும். அந்தப் படிவு, வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கும் மேல் மோசமாகச் சூட்டைக் கடத்தும். ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருக்கும், ஆனால் சிலிண்டர் சுவரின் சூடு அந்தத் தண்ணீரை வந்து சேராது.

சென்ற ஆண்டு ஒரு தோட்டத்தில் ஏலத்தில் போன சீரிஸ் 3 வண்டி அங்கே வந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக்கைத் தட்டி எடுத்தோம். நாலாவது சிலிண்டரைச் சுற்றி, தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில், வெள்ளையும் துரு நிறமும் மாறிமாறி வரிவரியாகக் கல். போமன் திருப்புளியால் ஒரு துண்டைப் பெயர்த்து என் கையில் வைத்தார். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டதும் பொங்கியது.

எங்கள் தாத்தா ஒரு தோட்டத்தில் டிரைவர். எழுபதுகளில் அவர் ஓட்டிய லேண்ட் ரோவரின் எஞ்சின் ஏத்தத்தில் இறுகிப்போனது. "தண்ணி ஊத்தாம ஓட்டிட்டான்" என்று ஆபீசில் எழுதினார்கள். சம்பளத்தில் பிடித்தார்கள். பிறகு அவரை வண்டியில் ஏற்றவில்லை. மறுபடி பால்வெட்டுக்கே போனார். தினமும் காலையில் லயத்துக் கிணற்றில் இரண்டு வாளி இறைத்து ஊற்றினேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் அதை ஒரு கிழவரின் வீம்பாகத்தான் கேட்டோம்.

அந்த வண்டி இன்று இல்லை. அதைத் திறந்து பார்க்க வழியில்லை. ஆனால் சுண்ணாம்பு வட்டாரத்துக் கிணற்றுத் தண்ணீர் என்றால் கணக்கு இப்படித்தான் போகும்: கொதித்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். மறுநாள் ஊற்றும் வாளி புதிதாகச் சுண்ணாம்பைக் கொண்டுவரும். ஒழுங்காக ஊற்றிய டிரைவரின் எஞ்சின்தான் சீக்கிரம் அடைக்கும். சோம்பேறிக்கும் பொறுப்பானவனுக்கும் முடிவு ஒன்றுதான், இறுகிய எஞ்சின். பிளாக்கைத் திறந்து பார்க்காமல் இருவரையும் பிரித்தறிய முடியாது. ஆபீஸ் ரெஜிஸ்டருக்கோ ஒரு வரி போதுமாக இருந்தது.

இதற்கு மருந்து பெரிய ரகசியம் அல்ல. கூரையில் விழும் மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. தகரக் கூரையின் கீழே ஒரு டிரம் வைத்திருந்தால் போதும். போமன் தொழில் பழகிய பட்டறையில் அப்படி ஒரு டிரம் இருந்ததாம். "வண்டிக்கு மட்டும், குளிக்கக் கூடாது" என்று அதன்மேல் தமிழில் எழுதியிருந்ததாம். யார் கண்டுபிடித்துச் சொன்னது என்று கேட்டேன். "பழைய ஃபிட்டர் ஒருத்தரு. படிக்காதவரு" என்றார்.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. டிரம்மும் இல்லை, ஃபிட்டரும் இல்லை. நம்மிடம் தோட்டத்து வரலாறு என்று இருப்பதில் கூலி உண்டு, கள்ளுக்கடை உண்டு, கோயில் உண்டு, போராட்டம் உண்டு. இந்த ஆட்களுக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்கிற பகுதி மட்டும் மெலிந்து கிடக்கிறது. உங்கள் குடும்பத்தில் டிரைவரோ ஃபிட்டரோ பட்டறை ஆளோ உயிரோடு இருந்தால், அவர் பட்ட கஷ்டத்தைக் கேட்கும்போதே செய்த வேலையையும் கேளுங்கள். எந்த ஸ்பேனர், எந்தத் தண்ணீர், எந்தச் சத்தம் என்று கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் தாத்தாவிடம் அப்படிக் கேட்க யாரும் இல்லாமல் போனார்கள்.