கடிக்கும் நாய்க்கு அடி மருந்தல்ல: வளர்ப்பவர்கள் அறிய வேண்டியவை

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் லயன் வீடு என்றால் வாசலில் ஒரு நாய் இருக்கும். பாம்போ, குரங்கோ, காட்டுப்பன்றியோ, முகம் தெரியாத ஆளோ வந்தால் குரைத்துச் சொல்வது அதன் வேலை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது பல குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா தாமான்களுக்குக் குடியேறின. நாய் வளர்க்கும் பழக்கமும் கூடவே வந்தது. ஆனால் திரிந்து வளர்ந்த நாய்க்கு இப்போது கிடைப்பது நாலடிச் சங்கிலியும் ஓர் இரும்புக் கேட்டும்தான். நாயின் முரட்டுத்தனம் பல வீடுகளில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சங்கிலி செய்யும் வேலை

பயந்த நாய் முதலில் விலகிப் போகவே பார்க்கும். சங்கிலியில் கட்டிய நாய்க்கு அந்த வழி இல்லை. எதிர்த்து நிற்பது மட்டுமே மிஞ்சுகிறது.

கேட்டின் அருகே இன்னொரு பாடமும் நடக்கிறது. தபால்காரர் தினமும் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் தன் வேலை முடிந்து போனது நாய்க்குத் தெரியாது. தான் விரட்டியதால் போனார் என்றே அது கற்றுக்கொள்கிறது. நாளாக ஆக வேகம் கூடும். ஒருநாள் கேட் திறந்திருந்தால் கடியில் முடியும்.

உறுமலை அடக்காதீர்கள்

உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்கும் முன்பே உடல் விறைப்பது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது போன்ற அறிகுறிகள் வரும். உறுமியதற்காக அடித்தால் உறுமல் நிற்கலாம், பயம் நிற்காது. அடுத்த முறை சத்தமின்றிக் கடிக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 விழுக்காட்டினர் தங்கள் நாய் பதிலுக்கு மூர்க்கமாக நடந்துகொண்டதாகக் கூறினர்.

திருத்தும் வழிகள்

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால், காதுப் புண், பல் வலி, மூட்டு வலி போன்றவை காரணமாக இருக்கலாம். வலி தீராமல் பழக்கம் மாறாது.

இரண்டாவது, தூரம். மோட்டார் சைக்கிளைக் கண்டு பாயும் நாயை, வண்டி தெரிந்தாலும் அமைதியாக இருக்கும் தொலைவில் நிறுத்துங்கள். வண்டி போகும்போதெல்லாம் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கலாம். நாய் பாய்ந்துவிட்டால், அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். மீண்டும் பின்னால் போக வேண்டும்.

சாப்பாட்டுத் தட்டைக் காக்கும் நாயிடமிருந்து தட்டைப் பிடுங்கக் கூடாது. தள்ளி நின்று அதைவிட ருசியான ஒன்றை அதன் பக்கம் போடுங்கள். மனிதர் வந்தால் உணவு போகாது, கூடும் என்று அதற்குப் புரிய வேண்டும். சாப்பிடும் நாயின் அருகே பிள்ளைகளை விடவே கூடாது.

கருத்தடை செய்தால் ஆண் நாய்கள் ஊர் சுற்றுவது குறையும். ஆனால் பயத்தால் வரும் முரட்டுத்தனத்துக்கு அது மட்டும் போதாது. குட்டி வாங்குவோர் மூன்று முதல் 14 வாரம் வரையிலான பருவத்தை வீணாக்கக் கூடாது. அந்த வயதில் பல மனிதர்களையும் சத்தங்களையும் இதமாகப் பழகிய குட்டி, தீபாவளிப் பட்டாசுக்கும் அந்நியருக்கும் அவ்வளவாக மிரளாது.

பயிற்சி முடியும்வரை கேட்டைப் பூட்டி வைப்பதும், வெளியே கூட்டிச் செல்லும்போது வாய்க்கூடு மாட்டுவதும் அவசியம்.

கடித்துவிட்டால்

காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய் பழங்கதையல்ல. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் உயிர்களைப் பறித்து வருகிறது. அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், விரட்டிவிடாமல், 10 நாள் அடைத்து வைத்துக் கண்காணிக்க வேண்டும். கால்நடை சேவைத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

சட்டம்

வளர்ப்பு நாய்க்கு ஊராட்சி மன்ற உரிமம் தேவை. ஈப்போவில் இதை மாநகர் மன்றம் கவனிக்கிறது. ஆபத்து விளைவிக்கக்கூடிய விலங்கை அலட்சியமாக வைத்திருந்தால் தண்டனைச் சட்டம் 289-ஆவது பிரிவின் கீழ் சிறையோ அபராதமோ விதிக்கப்படலாம். அதேபோல நாயைக் கொடுமைப்படுத்துவோருக்கு விலங்கு நலச் சட்டம் 2015-இன் கீழ் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

கடிக்கும் நாயைச் செம்பனைத் தோட்டத்தில் விட்டு வருவது தீர்வாகாது. பசியும் பயமும் சேர்ந்த அந்த நாய், மறுநாள் காலை அவ்வழியே வேலைக்குப் போகும் வேறொருவரைக் கடிக்கக்கூடும். வீட்டில் திருத்த முடியாவிட்டால், அடுத்து என்ன செய்வது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கலந்து முடிவெடுப்பதே பொறுப்பான செயல்.