தலைக்கணக்கும் தரைக்கணக்கும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சிறு தொழிற்கூடங்களை முன்வைத்து

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். இவ்விரு தொழில்களிலும் கணிசமான பகுதி நெருக்கமான சிறு கூடங்களில் நடக்கிறது. அங்கே ஒருவர் வழுக்கி விழுந்தால், கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தரையும் படியும் வேலையின் இயல்புக்கேற்ப அமையாததே முதற்காரணம் என்பதும், பாதுகாப்பு விதி ஆள் எண்ணிக்கையை விட்டு வேலையின் தன்மையைப் பற்ற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பாதத்துக்கும் தரைக்கும் இடையே திரவப் படலம் புகுந்தால் பிடிமானம் போய்விடுகிறது. தரையின் நுண்மேடுகள் அப்படலத்தைத் துளைத்து மேலெழ வேண்டும். திரவம் தடிக்கத் தடிக்க மேடுகளும் உயர வேண்டும். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு தரும் சொரசொரப்பு அளவு, தண்ணீருக்கு 20 மைக்ரான், பாலுக்கு 45, எண்ணெய்க்கு 70. குளியலறைக்குப் போதுமான ஓடு பால்கோவா அடுப்படிக்குப் போதாது என்பதை இவ்வளவுகளே காட்டும். தறிக்கூடத்தில் மசகெண்ணெயும் பஞ்சுத்தூசும் கலந்து தரையில் படிகின்றன. அங்கே தேவை இன்னும் கூடுதல்.

படிக்கு வருவோம். தேசியக் கட்டடத் தொகுப்பு 2016, குடியிருப்பல்லாத கட்டடங்களில் படியின் உயரம் 150 மி.மீ.க்கு மிகாமலும் மிதியகலம் 300 மி.மீ.க்குக் குறையாமலும் இருக்கச் சொல்கிறது. வீடே கூடமாகும்போது வாசற்படியும் நடைப்படியும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கின்றன. கைப்பிடி வைத்தால் தீராதா என்பர். சூடான கோவாச் சட்டியையோ பாவு சுற்றிய பீமையோ தூக்கி வருபவருக்கு பிடிக்கக் கையும் இல்லை, காலடி தெரிவதும் இல்லை. ஆகவே சுமை செல்லும் வழியில் ஒற்றைப் படியை நீக்கிச் சரிவாக்குவதே முறை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இவற்றை அறியாததல்ல. 32ஆம் பிரிவு வழுக்கலற்ற தரையையும் படியையும், 11ஆம் பிரிவு ஈரத்தரைக்கு வடிகாலையும், 16ஆம் பிரிவு ஆளுக்கு 14.2 கன மீட்டர் இடத்தையும் கேட்டன. ஆனால் மின்விசையிருந்தால் 10 பேர், இல்லையேல் 20 பேர் என்பது அச்சட்டத்தின் வாசலாக இருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தொழிற்சாலைக்கான வரம்பை 20, 40 என உயர்த்திவிட்டது. நான்கு பேர் வேலை செய்யும் கூடத்தில் நெருக்கடி கூடுதல். சட்டமோ அங்கே எட்டுவதில்லை.

எட்டும் வழிகள் வேறு உண்டு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எவ்வளவு சிறிய தயாரிப்பாளரும் பதிவு பெற வேண்டும். அதன் 2011 விதிமுறைகள் தரை வழவழப்பாகவும் எளிதில் கழுவத்தக்கதாகவும் இருக்கக் கேட்கின்றன. சுத்தத்தை நாடிய இவ்விதி பளபளப்பான ஓட்டையே ஊக்குவிக்கிறது. கழுவத்தக்கது, வழுக்காதது என்ற இரண்டையும் அது சேர்த்துக் கேட்கலாம். விசைத்தறிகளுக்கு இரு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் தரும் அரசு, அதே பயனாளிப் பட்டியலைக் கொண்டு தரைச் சீரமைப்புக்கும் உதவலாம்.

செலவு தாங்காது என்பது நியாயமான மறுப்பு. எனினும் தேய்ந்த கல்தரையை அம்மி கொத்துவதுபோலக் கொத்திவிடுவதும், வடிகாலை நோக்கிச் சரிவு கொடுப்பதும், படிகளை ஒரே உயரத்துக்குக் கொணர்வதும் ஊர்க் கொத்தனாரும் கல்தச்சரும் செய்யக்கூடிய வேலைகள். ஒரு தீக்காயமோ இடுப்பெலும்பு முறிவோ ஒரு குடும்பத்தின் வருமானத்தையே நிறுத்திவிடும். அந்த இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், தரைக்குச் செய்யும் செலவு உற்பத்திச் செலவின் இயல்பான பகுதியே.