பிலிம் இல்லாத சினிமா பள்ளிக்கூடம்

"விஸ்காம் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" நம்ம ஊர் கல்யாண வீடுகளில் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது காதில் விழுந்துவிடும். கேட்கிறவர் மனசில் பதில் ஏற்கெனவே ரெடி. சினிமாவில் சான்ஸ் கிடைச்சா பொழைச்சான், இல்லேன்னா படிச்சது தண்டம். என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மெக்கானிக்கல் படிச்சவன், சிவில் படிச்சவன் எல்லாரும் ஒரே ஆபீஸில் உட்கார்ந்து கோடு எழுதுறான், அதை யாரும் தண்டம்னு சொல்றதில்லை.

உலகத்தின் முதல் அரசு சினிமா பள்ளிக்கும் இதே கேள்வி வந்தது, இன்னும் மோசமான ரூபத்தில். அங்கே படம் எடுக்கக் கத்துக்கலாம், ஆனா படம் எடுக்க பிலிம் கிடையாது.

வருஷம் 1919. இடம் மாஸ்கோ. புரட்சி முடிந்து உள்நாட்டுப் போர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி லெனின் ஒரு கையெழுத்துப் போட்டு சினிமாத் தொழிலை அரசுடைமை ஆக்குகிறார். அதே வருஷம் விளாதிமிர் கார்டின் என்ற இயக்குநரின் தலைமையில் பள்ளியும் தொடங்குகிறது. (இன்றைக்கு மாஸ்கோவில் இருக்கும் விகிக் என்ற திரைப்படக் கல்லூரி இதன் தொடர்ச்சிதான். தார்க்கோவ்ஸ்கி எல்லாம் அங்கே படிச்சவர்தான்.)

அரசுடைமை ஆக்கியாச்சு, சரி. கையில் என்ன இருந்தது? அங்கேதான் வேடிக்கை. தனியார் பட முதலாளிகள் கேமரா, பிலிம், நடிகர்கள்னு அள்ளிக்கொண்டு தெற்கே கிரிமியாவுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து பாரிஸ். ரஷ்யாவில் பிலிம் தயாரிப்பே இல்லை, எல்லாம் இறக்குமதி. முற்றுகையால் இறக்குமதியும் நின்றுவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு மோசடி வேறு. 1918-இல் ஜாக் சிப்ராரியோ என்ற ஒருவரிடம் சோவியத் அரசு 10 லட்சம் டாலர் கொடுத்து, அமெரிக்காவில் சினிமா சாமான் வாங்கி அனுப்பச் சொன்னது. மனுஷன் உபயோகப்படாத பழைய சாமான்களை வாங்கி, பொய்க் கணக்குக் காட்டி, பெரும்பகுதிப் பணத்தை அமுக்கிவிட்டார். சோவியத் அரசு நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 1923-இல் நீதிமன்றம் சொன்ன பதில் என்ன தெரியுமா? உங்கள் அரசாங்கத்தை அமெரிக்கா அங்கீகரிக்கவே இல்லை, அதனால் நீங்கள் இங்கே வழக்குப் போட முடியாது! அமெரிக்கா அங்கீகரித்தது 1933-இல். சிப்ராரியோ பிழைத்தார்.

ஆக, பள்ளிக்கூடம் இருக்கு, பசங்க இருக்காங்க, பிலிம் இல்லை. இந்த இடத்தில்தான் நம்ம ஹீரோ லெவ் குலெஷோவ் வருகிறார்.

குலெஷோவ் 1899-இல் பிறந்தவர். பள்ளி தொடங்கியபோது வயசு 20. அதற்குள் யெவ்கெனி பாவர் என்ற பெரிய இயக்குநரிடம் செட் போடும் வேலை பார்த்து, 1918-இல் 'எஞ்சினியர் பிரைட்டின் திட்டம்' என்று சொந்தமாக ஒரு படமும் எடுத்துவிட்டார். (தலைப்பைப் பார்த்ததும் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.) அந்தப் படத்தில் ஆட்கள் மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிற மாதிரி ஒரு காட்சி. எடுக்க வேண்டிய ஷாட்டை எடுக்க முடியாமல் போகவே, ஆட்களை ஒரு இடத்திலும் கம்பங்களை வேறொரு இடத்திலும் தனித்தனியாக எடுத்து ஒட்டினார். பார்த்தவர்களுக்கு ஒரே இடமாகத்தான் தெரிந்தது. பத்து பேர் இதை ஒரு சமாளிப்பு என்று விட்டிருப்பார்கள். இவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளியில் தேர்வில் தேறாத சில மாணவர்களை இவர் தனியாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார். மறுதேர்வில் அவர்கள் பிரமாதமாகத் தேறிவிட்டார்கள். பிறகு இவருக்கென்று ஒரு தனிப் பட்டறை அமைந்தது. அங்கே வந்து சேர்ந்த கூட்டம் இருக்கே, அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். புடோவ்கின், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதியியலும் படித்தவர். முதல் உலகப் போரில் கைதாகி மூன்று வருஷம் ஜெர்மன் முகாமில் கிடந்து, தப்பி வந்து, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். போரிஸ் பார்னெட் ஒரு குத்துச்சண்டைக்காரர். கோக்லோவா என்ற பெண்ணை 'சினிமா முகம் இல்லை' என்று அதிகாரிகள் ஒதுக்கினார்கள், குலெஷோவ் அவரைத்தான் தன் முக்கிய நடிகை ஆக்கினார். கொஞ்ச மாதங்கள் மட்டும் வந்து போன இன்னொருத்தர் ஐசன்ஸ்டீன். அவர் பெத்ரோகிராடில் சிவில் எஞ்சினியரிங் படித்து, பாதியில் விட்டு, செம்படையின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்தவர்.

சரி, பிலிம் இல்லாமல் என்ன சொல்லிக் கொடுப்பது? குலெஷோவ் கண்டுபிடித்த வழிக்குப் பேரே 'பிலிம் இல்லாத படங்கள்'. கதையை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுத வேண்டும். மேடையில் ஒரு சட்டம், அதற்குள்தான் காட்சி. க்ளோஸப் என்றால் திரையை மறைத்து முகம் மட்டும் தெரிய வைப்பது. 'கட்' என்றால் திரை மூடித் திறப்பதற்குள் அடுத்த ஷாட்டுக்கு எல்லாரும் மாறியாக வேண்டும். ஒருத்தர் அரை வினாடி பிந்தினால் மொத்தமும் சொதப்பல். நடிகர்களுக்கு உடற்பயிற்சி, குத்துச்சண்டை, அசைவுகளைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து எண்ணிக்கை போட்டுப் பழகுவது என்று தினமும் பெண்டு நிமிர்ந்திருக்கிறது. ஒரு அடி பிலிம் செலவில்லாமல் ஒரு படத்தின் திட்டமிடல், ஒத்திகை, எடிட்டிங் மூன்றும் கைக்கு வந்துவிட்டன.

நம்ம தொழிலில் சர்வர் வருவதற்கு முன்னாலேயே போலியாக ஒன்று வைத்து மொத்த சிஸ்டத்தையும் ஓட்டிப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதேதான். ஆனா நமக்கு சர்வர் அடுத்த வாரம் வந்துவிடும். அவங்களுக்கு அது எப்ப வரும்னே தெரியாது.

கையில் இருந்த இன்னொரு செல்வம் பழைய படங்கள். அதில் பிறந்ததுதான் சினிமா படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த 'குலெஷோவ் விளைவு'. மொஸ்ஜூகின் என்ற பெரிய நடிகரின் பழைய படத்திலிருந்து உணர்ச்சி காட்டாத ஒரு முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப் கிண்ணத்தோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும், இன்னொரு தடவை ஒரு குழந்தையோடும் ஒட்டினார்கள் என்று புடோவ்கின் எழுதியிருக்கிறார். பசி, துக்கம், பாசம் என்று மூன்று விதமாக நடிக்கிறாரே என்று பார்த்தவர்கள் வியந்தார்களாம். அந்த மொஸ்ஜூகின் முதலாளிகளோடு பாரிஸுக்குப் போய்விட்டவர். ஆள் ஊரில் இல்லை, முகம் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது :-)

'படைப்புப் புவியியல்' என்று இன்னொரு சோதனை. கோக்லோவாவும் ஒபோலென்ஸ்கி என்ற நடிகரும் மாஸ்கோவின் வெவ்வேறு தெருக்களில் நடந்து வந்து சந்தித்துக் கை குலுக்குகிறார்கள். அடுத்த ஷாட்டில் வாஷிங்டனின் வெள்ளை மாளிகை. அடுத்து மாஸ்கோ தேவாலயப் படிக்கட்டில் ஏறுகிறார்கள். படம் பார்ப்பவனுக்கு அவர்கள் வெள்ளை மாளிகைக்குள் போகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. இந்தத் திறமைக்கு நல்லது கெட்டது தெரியாது. வெளிநாட்டுப் படங்களை வெட்டி ஒட்டி, நடுவில் வரும் எழுத்து அட்டைகளை மாற்றி, கதையையே வேறாக்கி சோவியத் தியேட்டர்களுக்கு அனுப்புவது அன்றைக்கு ஒரு முழுநேர அரசாங்க வேலை. இன்னைக்கு வாட்ஸப்பில் ஒரு ஊர் கலவரத்தை இன்னொரு ஊர் பேரில் ஓட்டுகிறவனும் வெள்ளை மாளிகைப் படிக்கட்டைத்தான் ஏறுகிறான். இந்தப் பாடத்தை எல்லாப் பள்ளியிலும் வைக்கணும்னு நான் சொல்லுவேன், படம் எடுக்கறதுக்காக இல்லை, ஏமாறாம இருக்கறதுக்காக.

அந்த வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தவர்களில் ஒருவர் எஸ்ஃபிர் ஷூப். இந்தப் பட்டறையில் படித்தவர் இல்லை, வேலையிலேயே கற்றவர். மற்றவர்கள் எடுத்த படத்தைப் பல வருஷம் வெட்டி வெட்டி, ஒரு ஷாட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. லெகசி கோடு பராமரிக்கிறவங்களுக்கு இது புரியும், எழுதினவனைவிட நமக்குத்தான் அந்த கோடு நல்லாத் தெரியும். ஃப்ரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபூஸே' படத்தை ஷூப் மறு எடிட்டிங் செய்தபோது கூட உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் நம்ம சிவில் எஞ்சினியர் ஐசன்ஸ்டீன். ஷூப் பிறகு ஜார் மன்னரின் அரண்மனைக்காக எடுத்த படச்சுருள்களையும் பழைய செய்திப்படங்களையும் தேடிப் பிடித்து, 1927-இல் 'ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்ற படத்தை உருவாக்கினார். பழைய படச்சுருள்களை வைத்தே ஒரு முழுநீள வரலாற்றுப் படம். இன்னைக்கு டாக்குமெண்டரிக்காரர்கள் போகிற பாதை அவர் போட்டது.

பட்டறைப் பசங்களுக்குக் கடைசியில் பிலிம் கிடைத்தது. 1924-இல் 'மிஸ்டர் வெஸ்ட்' என்ற நகைச்சுவைப் படம் வந்தது, பார்னெட் கவ்பாயாக வந்து கட்டடங்களுக்கு நடுவே கயிற்றில் தொங்கிப் போவார். 1926-இல் 'சட்டத்தின்படி'. ஜாக் லண்டன் கதை, பெரும்பகுதி ஒரே குடிசை, விரல்விட்டு எண்ணக்கூடிய நடிகர்கள். காசு குறைவாகக் கொடுத்தார்கள் என்பதற்காகவே அப்படித் திட்டமிட்டது. மேடையில் சட்டத்துக்குள் பழகியவர்களுக்கு ஒரு குடிசை தாராளம். எனக்கு 'மிஸ்டர் வெஸ்ட்'டைவிட இதுதான் பிடிக்கும்.

வேதியியல்காரர் புடோவ்கின் என்ன ஆனார்? அதே 1926-இல் 'மூளையின் இயக்கம்' என்ற படத்தை எடுத்தார். பாவ்லோவ் நாய்க்கு மணியடித்தாரே, அந்த ஆராய்ச்சியைச் சாமானியனுக்கு விளக்கும் படம். ஒரு பரிசோதனையைப் படிப்படியாகக் காட்ட ஆய்வுக்கூடமும் தெரிந்திருக்கணும், எந்த ஷாட்டுக்கு அடுத்து எந்த ஷாட் என்பதும் தெரிந்திருக்கணும். இவருக்கு ரெண்டும் தெரியும். ஐசன்ஸ்டீன் தன் பங்குக்கு, ராணுவத்தில் மிதவைப் பாலம் கட்டியதைப் பற்றி ரசித்து எழுதியிருக்கிறார். ஆளுக்கொரு வேலை, ஒவ்வொன்றும் சரியான நொடியில் சரியான இடத்தில் வந்து சேரணும். 'பொட்டெம்கின்' படத்தின் படிக்கட்டுக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாலம் ஞாபகம் வரும்.

மாணவர்கள் குருவைத் தாண்டிப் போய்விட்டார்கள். 1929-இல் குலெஷோவ் எழுதிய புத்தகத்துக்கு அவர்களே முன்னுரை எழுதி, தங்கள் தொழிலின் அஸ்திவாரமே அவர் போட்டதுதான் என்று கடனை ஒப்புக்கொண்டார்கள். அரசாங்கத்துக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. 1930-களில் 'வடிவவாதி' என்று முத்திரை குத்தி அவரை ஓரங்கட்டினார்கள், படம் எடுக்கும் வாய்ப்பு சுருங்கியது. ஆனா சொல்லிக்கொடுக்கிறதை மட்டும் அவர் விடவில்லை. 1944-இல் அதே கல்லூரிக்கு இயக்குநர் ஆனார். 1970-இல் இறந்தார். 'சினிமா முகம் இல்லாத' கோக்லோவா அவருடைய மனைவி, அதே கல்லூரியில் ஆசிரியையும் கூட.

மொஸ்ஜூகின் முகத்தை வைத்துச் செய்த அந்தச் சோதனையின் சுருள் இன்றுவரை கிடைக்கவில்லை. யூட்யூபில் 'ஒரிஜினல்' என்று ஓடுவதெல்லாம் பின்னால் யாரோ செய்தது. படைப்புப் புவியியல் சோதனையின் ஒரு துண்டு மட்டும் 1990-களில் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அதில் கோக்லோவாவும் ஒபோலென்ஸ்கியும் இன்னும் கை குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.