தகடூரின் தூதும் விண்ணின் தூதும்

தூது என்றதும் தருமபுரி மாவட்டத்தாருக்கு முதலில் நினைவில் எழுபவர் ஔவையார். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு அவர் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டால் அறிகிறோம். பிற்காலத்தில் தூது தனியொரு சிற்றிலக்கியமாகவே வளர்ந்தது. நெஞ்சையும் கிளியையும் முகிலையும் தலைவனிடம் அனுப்பும் தலைவி, செய்தியைச் சொல்லிவிட்டு வா என்பதோடு நிறுத்துவதில்லை. அவனிடம் மாலை வாங்கி வா என்றும் வேண்டுகிறாள். மாலை என்பது மறுமொழி. அது கைக்கு வராதவரை தூது நிறைவு பெறுவதில்லை.

இந்த இலக்கணத்தை நீரின் மேல் செல்வோருக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன தெரியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கரைக்கும் கலத்துக்கும் இடையே நடந்த தூதின் வரலாறு மிக நீண்டது. அதில் பெரும்பகுதி மறுமொழி இல்லாத தூதாகவே இருந்திருக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு கலங்கரை விளக்கத்தைக் காட்டுகிறார். ஏணி சாத்தி ஏற வேண்டிய உயர்ந்த மாடத்தில் இரவில் தீ மூட்டப்படுகிறது. அது கடலில் ஓடும் கலங்களைக் கரை நோக்கி அழைக்கிறது. அழைப்பது கரை, கேட்பது கலம். நடுக்கடலில் கலம் உடைந்தால் அதன் குரல் அந்த மாடத்துக்கு எட்ட வழியில்லை.

நம் மாவட்டத்துக் காவிரியிலும் நிலைமை வேறன்று. மேலே கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் திறக்கப்படும் நீர் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தால் அளக்கப்படுகிறது. தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் தரவேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு கணக்கிடப்படுவதும் இவ்விடத்தில்தான். வழக்குக்கு அளவுகோலான அந்த நிலையம் ஒகேனக்கல் பரிசலோட்டிக்கு உயிர்க்காவலும் ஆகும். அங்கே நீர் ஏறினால் இங்கே மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விதிக்கிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 மழைக்காலத்திலும் வரத்து நொடிக்கு ஒரு இலட்சம் கன அடியைக் கடந்தபோது இத்தடையே பலரைக் காத்தது. கரையோர ஊர்களுக்குச் செய்தி சொல்ல முன்னாளில் தண்டோரா இருந்தது. 2022இல் அரசு அவ்வழக்கத்தை நிறுத்தியபின் ஒலிபெருக்கி அவ்விடத்தைப் பெற்றது.

இவையெல்லாம் கரையிலிருந்து நீருக்குச் செல்லும் தூது. நீரிலிருந்து கரைக்கு வரும் தூது எது? மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்பு தோலும் இன்று பிளாஸ்டிக் தாளும் போர்த்தித் தார் பூசிய பரிசலில் ஒரு துடுப்பும் ஒரு மனிதக் குரலுமே உண்டு. ஒகேனக்கல்லுக்குக் கீழே 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு விரிகிறது. ஒட்டனூருக்கும் எதிர்க்கரைக் கோட்டையூருக்கும், நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் இடையே மக்கள் நீர்வழியே போய்வந்திருக்கிறார்கள். மேலே காட்டுக்குள்ளோ 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் பரந்து கிடக்கிறது. கைப்பேசி அலை எட்டாத வளைவில் பரிசல் கவிழ்ந்தால் கூவுவதைத் தவிர வழியில்லை.

உலகம் இச்சிக்கலைத் தீர்க்க முயன்ற கதை 1912இல் மூழ்கிய டைட்டானிக்கிலிருந்து தெளிவாகத் தொடங்குகிறது. அக்கப்பலில் கம்பியில்லாத் தந்தி இருந்தது. அபயச் செய்தியும் அனுப்பப்பட்டது. ஆனால் அருகிலிருந்த கலிஃபோர்னியன் என்னும் கப்பலின் தந்தியாளர் அந்நேரம் உறங்கப் போய்விட்டார். நாவிருந்தும் செவியில்லை. எனவேதான் 1914இல் லண்டனில் கூடிய மாநாடு, பெருங்கப்பல்களில் இடைவிடாது செவிமடுக்க ஆள் வேண்டும் என்று விதி வகுத்தது.

அந்தச் செவியை விண்ணில் வைத்தவர்கள் பனிப்போரின் எதிரிகள் என்பது வியப்பு. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கும் இணைந்து காஸ்பாஸ் சார்சாட் என்னும் அமைப்பை உருவாக்கின. அதன் முதல் செயற்கைக்கோள் 1982 ஜூனில் ஏவப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே கனடாவில் விழுந்த சிறு விமானத்தின் மூவரை அது காப்பாற்றித் தந்தது. இந்தியாவும் இதில் உறுப்பு நாடு. 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் எழும் அபயக்குரலைப் பெங்களூரிலும் லக்னோவிலும் உள்ள தரைநிலையங்கள் பெறுகின்றன. பெங்களூர்க் கட்டுப்பாட்டு மையம் அதனை மீட்புப் படையினருக்கு அனுப்புகிறது. மீனவருக்கென இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் வழக்கில் உள்ளது.

இத்தனை இருந்தும் 2017 நவம்பர் 30 வந்தது. ஒக்கிப் புயல் எழுந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர் பல நாட்களுக்கு முன்பே கரை நீங்கியிருந்தனர். கைப்பேசியும் படகு வானொலியும் எட்டாத தொலைவில் இருந்த அவர்களுக்குப் புயல் வருகிறது என்று சொல்வாரில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது திரும்பவேயில்லை.

அத்துயரத்திற்குப் பின் 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவி அறிமுகமாயிற்று. ககன் செயற்கைக்கோள்கள் வழியே வரும் எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் கைப்பேசியில் காட்டுவது அது. நன்று; எனினும் அதுவும் ஒருவழித் தூதே, பெரும்பாணாற்றுப்படையின் தீயைப் போல. முதல் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவியோ மறுபுறம் ஒருவழியானது: மீனவன் குரல் போகும், போய்ச் சேர்ந்ததா என்பது அவனுக்குத் தெரியாது. புயலிரவில் அந்த ஐயத்தோடு மிதப்பவனின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். 2024 ஜனவரியில் இஸ்ரோ வெளியிட்ட இரண்டாம் தலைமுறைக் கருவிதான், 'உன் குரல் கேட்டது' என்ற ஒப்புகையைத் திருப்பி அனுப்புகிறது. மாலை வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு இலட்சம் மீன்பிடி கலங்களில் இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டமும் தொடங்கிற்று.

அப்படியாயின் காவிரிப் பரிசலிலும் ஒரு விண்தூதுக் கருவியை வைத்துவிடலாமா? அயல்நாட்டில் விற்கும் கையடக்கக் கருவியை வாங்கிவந்து பயன்படுத்த எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும். செயற்கைக்கோள் பேசிகளையும் தூதுக் கருவிகளையும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கட்டுப்பாடு இறுகிற்று. இயற்கையும் ஒரு தடை. பாறைச் சுவர்களுக்கிடையே வானம் கீற்றாகத் தெரியும் இடத்தில், தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்க நேரும். சுழல் அவ்வளவு நேரம் தருவதில்லை. அங்கே முதற்காவல் உயிர்காப்புச் சட்டையும், நீர் ஏறினால் பரிசலை இறக்காத மன உறுதியுமே.

ஆனால் அகன்ற நீர்ப்பரப்பிலும் காட்டுக் கரையிலும் கதை வேறு. அங்கே நேரம் உண்டு. கேட்கும் செவிதான் இல்லை. பரிசல் துறைக்கு ஒன்றாக, அரசின் அனுமதியோடு இருவழிக் கருவி ஒன்றும், அதன் மறுமுனையில் இரவும் பகலும் விழித்திருக்கும் ஓர் ஆளும், புறப்படத் தயாராய் ஒரு படகும் இருந்தால் போதும். இம்மூன்றில் கருவியே எளிதில் கிடைப்பது. ஆளும் படகும் இல்லாத இடத்தில் கருவி வெறும் விளக்கு.

ஒக்கிக்குப் பின்தான் கடலுக்கு மறுமொழி கிடைத்தது. ஆற்றுக்கு அதனை வழங்க இன்னொரு பேரிடர் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.