தேற்றாங்கொட்டையும் தெளிந்த நீரும்



கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில் மழை பெய்து ஊருணி நிறைந்துவிட்டால் ஊரே மகிழும். ஆயினும், அந்நீரைக் குடத்தில் மொண்டு பார்த்தால் குழம்பாக இருக்கும். ஒருநாள் முழுதும் அசையாது வைத்தாலும் எளிதில் தெளியாது. கிணற்று நீரைப் பருகலாமே என்பீர்கள். இப்பகுதிக் கிணறுகளிற் பல உவர்நீர்க் கிணறுகள். ஆகவே, குழாய்நீர் வருவதற்கு முன்னர், கலங்கல் நீரைத் தெளிவிக்கும் முறை இங்குள்ள வீடுகளில் வழங்கி வந்தது.

1960-களின் இறுதியில் நான் சிறுவன். என் ஆச்சி மண்பானையின் உட்புறத்தை நனைத்து, பொத்தான் போன்ற தேற்றாங்கொட்டை ஒன்றை அதில் வட்டமாகத் தேய்ப்பாள். பிறகு ஊருணி நீரை வடிகட்டி ஊற்றுவாள். காலையில் சேறு அடியில் படிந்து, மேல்நீர் பளிங்கு போல் நிற்கும். “அலுங்காமல் இறுத்துக் காய்ச்சணும்” என்பாள். சிறுவனாகிய நான் தேய்த்ததைக் கண்டேன், காய்ச்சியதைக் கருதவில்லை.

இம்முறை மிகப் பழையது. தேற்றா மரத்துக்குச் சங்கத் தமிழில் ‘இல்லம்’ என்று பெயர். காதலனைச் சேர்ந்து கலக்கம் நீங்கிய ஒருத்தியின் உள்ளத்துக்கு, இல்லத்தின் விதையால் தெளிந்த நீரை உவமை கூறுகிறது கலித்தொகையின் நெய்தற்கலி. நீரைத் தெளிவிப்பதும் துயருற்றாரை ஆற்றுவதும் நம் மொழியில் ‘தேற்றுதல்’ என்னும் ஒரே சொல்லாக இருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகும். வடமொழியில் இதனைக் ‘கதகம்’ என்பர். நீர் தெளிவிக்கும் பொருள்களுள் ஒன்றாகச் சுசுருத சங்கிதை இதனைச் சொல்கிறது. மரத்தின் பெயரைச் சொன்ன அளவில் நீர் தெளியாது என்று மனுநூலின் ஆறாம் இயல் எடுத்துக்காட்டுகிறது.

நீர் தெளிவது எவ்வாறு? கரிசல் மண்ணின் களித்துகள்கள் மிக நுண்ணியவை. அவை எதிர்மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. கொட்டையிலுள்ள பசைத்தன்மை வாய்ந்த பொருள்கள் அவற்றைப் பிணைத்துத் திரளாக்க, திரண்டவை கனத்து வீழ்கின்றன. முருங்கை விதையிலோ நேர்மின்னேற்றமுள்ள புரதம் இவ்வேலையைச் செய்கிறது. சூடான் நாட்டுப் பெண்கள் கலங்கிய நைல் நீரை முருங்கை விதைத்தூளால் தெளிவித்து வந்ததைச் சாமியா அல் அசாரியா யான் என்னும் அம்மையார் 1970-களில் தொடங்கி ஆராய்ந்தார். அங்கே முருங்கைக்கு வழங்கும் பெயரின் பொருளும் ‘தெளிவிக்கும் மரம்’ என்பதே.

சேற்றோடு கிருமிகளிற் பலவும் கீழிறங்கும், எல்லாம் இறங்கா. விதையின் சத்து நீரில் தங்குவதால், நீரை நெடுநேரம் வைத்தால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகவும் கூடும். 1854-இல் லண்டன் பிராடு தெருக் குழாய்நீரால் வாந்திபேதி பரவியது. அந்நீரின் சுவையை விரும்பித் தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டுக்கு வரவழைத்துப் பருகிய மூதாட்டி ஒருவரும் மாண்டார். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் அந்நீரைச் சோதித்தபோது, கண்ணுக்குப் பெரிய மாசொன்றும் புலப்படவில்லை.

இதனையெல்லாம் படித்திருந்தும் நான் பிழை செய்தேன். 1987-இல் வகுப்பறையில் இரண்டு கண்ணாடிச் சாடிகளில் ஊருணி நீரை வைத்து, ஒன்றில் தேற்றாங்கொட்டை விழுதைக் கலந்தேன். அது தெளிந்ததும் “நம் முன்னோர் கண்ட தூய நீர்!” என்று பெருமிதத்தோடு கூறினேன். ‘தெளிந்த’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘தூய’ என்றேன். நான் அப்பாற் சென்றபோது மாணவன் ஒருவன் அதனைப் பருகிவிட்டான். மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அதற்கு அந்நீர்தான் காரணமா என்பதை யாரும் ஆராயவில்லை, எனக்கு ஐயமில்லை.

அவன் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் இருந்த அவனுடைய ஆச்சி நடந்ததைக் கேட்டுவிட்டு, “தேய்ச்சது சரி, சார். காய்ச்சினீங்களா?” என்றாள்.

மறு வாரம் அதே சோதனையை மீண்டும் செய்தேன். சாடிகளுக்கு அருகில் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றும் இருந்தது.